முயலுக்குப் பொங்கல் வைத்த வருஷம்

பூனாகலையிலிருந்து மாட்டு வண்டியில் என் நாத்தனார் திரும்பி வந்த காலையில் பதுளை முழுக்க மூடுபனி. கடைவாசலில் வண்டி நின்றபோது உள்ளே இருந்தவள் கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைப் புடைவை பனியோடு கலந்திருந்தது. முதலில் தெரிந்தது அவள் மடியில் இருந்த கூடை. கூடைக்குள்ளிருந்து இரண்டு காதுகள். இத்தனை வருஷம் கழித்து அந்தக் காலையை நினைத்தால் நான் கண்டதா, கனவா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஆனால் காதுகள் நிஜம். வலது காது நுனியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது, அதை எப்படி மறப்பேன்?

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு அரிசி, உப்பு, துணி, மனுஷர் எல்லாம் வண்டியில்தான் வரவேண்டும். எங்களுக்குக் கடைத்தெருவில் ஒரு கடை. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் முற்றமும் ஒரு சாய்ப்புக் கொட்டகையும். வீட்டுக்காரரின் ஒரே தங்கையைப் பூனாகலையில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். இரண்டு வருஷம்கூட முடியவில்லை. காய்ச்சல் வந்தது, ஒன்பதே நாள், அந்த மனுஷர் போய்விட்டார். அவளுக்கு அப்போது இருபது வயது.

காரியமெல்லாம் முடிந்து அவள் புறப்படும்போது தோட்டத்துத் துரைசானி லயத்து வீடுகள் பக்கம் வந்து பார்த்தாளாம். என்ன சொல்லித் தேற்றுவது என்று அந்த வெள்ளைக்கார அம்மாளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழே நாலு வார்த்தை: வா, போ, சீக்கிரம், தண்ணி கொண்டா. அதை வைத்துக்கொண்டு யாருக்கு ஆறுதல் சொல்ல முடியும்? தன் பிள்ளைகள் வளர்த்த முயலைத் தூக்கி வந்து இவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாளாம். ‘கிறுக்குப் பிடிச்ச பொம்பளை, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு முயலா குடுப்பா?’ என்று நான் அன்றைக்குத் திட்டினேன். இப்போது யோசித்தால், தமிழ் தெரிந்த நாங்கள் இத்தனை பேர் சொன்ன ஆறுதலைவிட அது எவ்வளவோ மேல்.

வெள்ளை முயல். கண் மட்டும் சாம்பல் நிறம். ஒரு பழைய தேயிலைப் பெட்டியைச் சாய்ப்புக்குள் படுக்கப்போட்டு, வைக்கோல் பரப்பி அதை விட்டோம். நாள் முழுக்க அவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான். அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி முடிந்தும் விடவில்லை. மலையெல்லாம் மேகத்துக்குள் போய், நமுனுகுலை என்று ஒரு மலை இருப்பதையே மறந்துவிட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்கே வீட்டுக்குள் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவளும் முயலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்தால் எது புடைவை, எது முயல் என்று பிரிக்க முடியாது. சில நாள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்று குழம்பை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன்.

அவள் வேறு எதையும் தொடமாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல். கறிவேப்பிலைக் கன்று வைக்கச் சொன்னால், “வேணாம் அண்ணி, பட்டுப்போகும்” என்பாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தவழ்ந்து அவள் காலடிக்கே வந்தால் புடைவையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். தெருவில் ராசி இல்லாதவள் என்று ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி தலையாட்டினாள், இவள் அதைக் கேட்டு அப்படியே உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள். தன் கை பட்டால் எதுவும் உருப்படாது என்று மனதார நம்பினாள். “இது மட்டும் எப்படித் தொடுறே?” என்று ஒரு நாள் கேட்டேன். முயலின் முதுகைத் தடவியபடி, “இதுக்குத்தான் ராசி கீசியெல்லாம் தெரியாதே அண்ணி” என்றாள்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தாலி அறுத்தவள் மஞ்சள் தொடக்கூடாது, குங்குமம் கூடாது, பூ கூடாது, நல்ல நாளில் நாலு பேர் கண்ணில் முதலில் படக்கூடாது. இந்தச் சட்டத்தை எவர் போட்டார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதற்குக் காவல் நின்றவளே நான்தான். மஞ்சள் டப்பாவைச் சாமி மாடத்தில், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் தூக்கி வைத்தவளும் நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

தை பிறந்தது. பெரிய பொங்கலன்று மழைக்கு ஒதுங்கி முற்றத்துத் தாழ்வாரத்தில் பானை வைத்தோம். அவள் உள் அறையில் இருந்தாள். பால் பொங்கி நாங்கள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தியபோது, கதவிடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. எனக்குப் பானையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்று முழுக்கக் காரணம் இல்லாமல் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு இல்லை. காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. “முயலுக்கு வைப்போம்” என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காப்பி வெளியே வந்துவிட்டது. “முயலுக்கா? மாட்டுப் பொங்கலா?”

“ஏன், நாலு கால் இருக்கு, புல்லு திங்குது, வேற என்ன வேணுமாம்?”

“கொம்பு?”

“காது இருக்குல்ல, அது போதும்.”

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரித்துவிட்டாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. அந்தச் சத்தத்துக்காக நான் அன்று யானைக்கே பொங்கல் வைத்திருப்பேன்.

மாட்டைக் குளிப்பாட்டுவார்கள், நாங்கள் முயலைக் குளிப்பாட்டினோம். வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, “நீயே ஊத்து, உன் முயல்தானே” என்று செம்பை அவள் முன்னால் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். “முயலுக்குத்தானே, யாரு என்ன சொல்லப்போறா?” என்றேன். அவள் கையை உள்ளே விட்டாள். விரலெல்லாம் மஞ்சளாக அதன் முதுகில் தேய்த்தாள், வயிற்றில் தேய்த்தாள், காதைத் துடைத்தாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். கழுத்தில் செவ்வந்திச் சரம் கட்டினோம், கட்டின கையோடு அது சரத்தைத் தின்ன ஆரம்பித்தது. வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், அதையும் தின்றது. இன்னும் வைத்தேன். மழை அன்றைக்குத்தான் தூறலாகக் குறைந்து, மேகத்துக்குப் பின்னால் வெயில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. முற்றம், முயல், அவள் கை, எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்த அந்தக் கொஞ்ச நேரம்போல ஒரு நேரம் அந்த வீட்டில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

பிறகு அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முயலைத் துணியால் மேலோட்டமாகத் துடைத்துப் பெட்டிக்குள் விட்டோம். குளிருமே என்று நான் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். அன்பு அப்படி, அறிவு அவ்வளவுதான்.

முயல் குளிக்கிற பிராணி இல்லை. அதன் ரோமம் அடியில் பஞ்சுபோல நெருக்கமாக இருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே தேயிலை ஈரம் படாமலிருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். வெளி ஈரம் உள்ளே போகாது என்றால் உள் ஈரமும் வெளியே வராது என்ற கணக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூத்திரமெல்லாம் வைக்கோலுக்கு அடியில் தேங்கிக் கிடந்திருக்கிறது. போதாக்குறைக்கு, மாதக் கணக்கில் நான் ஊட்டிய சோறும் வாழைப்பழமும் வெல்லமும். “வேணாம் அண்ணி, அது புல்லு திங்கிற ஜீவன்” என்று அவள் சொல்வாள். “நம்ம வீட்டுக்கு வந்ததை வயிறு வாட விடலாமா?” என்று நான் வைப்பேன். அது உருண்டு திரண்டு, தன் பின்பக்கத்தைத் தானே திரும்பி நக்கிச் சுத்தம் செய்ய முடியாத அளவுக்குக் கொழுத்துப் போயிருந்தது. அதன்மேல் சர்க்கரைப் பொங்கல் வேறு. வயிறு இளகாமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள் காணும் பொங்கல். சொல்லி வைத்த மாதிரி வெயில் வந்துவிட்டது, மூன்று மாத மழைக்குப் பிறகு சுள்ளென்ற வெயில். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று காலையிலிருந்தே கூட்டம். பெண்களெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். சாய்ப்பு முற்றத்தின் கோடியில். நான் அவளிடம், “நீ உள்ளேயே இரு, என்ன? வந்தவங்க போனதும் வரலாம். முயலை நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். “அண்ணி, முயலுக்குப் புல்லு போட்டீங்களா? எப்படி இருக்கு?”

“போட்டேன். நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

போடவில்லை. பார்க்கவும் இல்லை. வடை பொரித்துக்கொண்டிருந்தேன். மிஞ்சின பொங்கலை ஓர் இலையோடு பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தேன், குனிந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையில் மழைக்குப் பூட்டிக் கிடந்த கருவாட்டு மூட்டைகளை அன்றைக்குத்தான் வெயிலில் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். ஈ மொய்த்தது. முற்றத்திலிருந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே பேசினார்கள். அந்த ஈக்கள் எல்லாம் எங்கே போய் உட்காரும் என்று நான் நினைத்தேனா? இல்லை.

நாலாம் நாள் விடிந்து அவள்தான் முதலில் சாய்ப்புக்குப் போனாள். நான் பாத்திரம் கழுவப் போனபோது முயலை மடியில் மல்லாத்திப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்ட வாடை அடித்தது. வாலுக்குக் கீழே ரோமமெல்லாம் ஈரமும் கழிசலுமாகச் சடைபிடித்திருந்தது. அந்தச் சடையில் ரவையை இறைத்த மாதிரி ஈ முட்டை. அதற்குக் கீழே தோல் அசைந்துகொண்டிருந்தது. தோல் இல்லை, புழு. முயல் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது, கூப்பிட்டால் காதுகூட ஆடவில்லை.

“நான் தொட்டேன்ல அண்ணி. அதான்” என்றாள். அழுகை இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

இல்லை என்று நான் கத்தியிருக்க வேண்டும். நேற்றுப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னவள் நான் என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊர் வம்புக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த முயல் செத்தால் இவள் இனி எதையுமே தொடமாட்டாள், தன்னையே தொட்டுக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் கஷ்டத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதவர். “பாவம், இழுத்துக்கிட்டுக் கெடக்கவேணாம். ஓயாக்கரைக்கு எடுத்துட்டுப் போய் ஆத்துல விட்டுரட்டுமா?” என்றார். அவள் முயலை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துப் பண்டாரவளையிலிருந்து அரிசி ஏற்றி வந்த வண்டிக்காரர் பின்பக்கமாக மாட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். புழுவைப் பார்த்ததும் குந்திவிட்டார். “நுகத்தடிப் புண்ணுல மாட்டுக்கு இப்படித்தான் புழு வைக்கும். என்கிட்ட மருந்து இருக்கு தாயி” என்று வண்டியிலிருந்து கற்பூரத் தைலப் புட்டியை எடுத்து வந்தார். “இதை ஊத்தினா ஒரு புழு தங்காது.”

அவள் புட்டியை வாங்கினாள். மோந்து பார்த்தாள். முயல் பிறாண்டியதில் அவள் புறங்கையில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. புட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“மாடு தாங்கும். எனக்கே இந்த எரிச்சல் எரியுது. இது செத்துப்போகும்.”

வண்டிக்காரர் புட்டியை மடியில் செருகிக்கொண்டார். “அப்படின்னா கையாலதான் எடுக்கணும். ஒண்ணொண்ணா. ஒண்ணைக்கூட விடக்கூடாது. தேங்காயெண்ணெயைச் சுடவெச்சு ஆறவிட்டு மேலே தடவு, மூச்சு முட்டி வெளியே தலை காட்டும். பொறுமை இருக்கா?”

“வேற என்ன இருக்கு எங்கிட்ட?” என்றாள் அவள்.

ரோமத்தை வெட்டக் கத்தரி வேண்டும். கடைக்குள் ஓடிப்போய்த் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து வந்தேன். “அடியே, கடைக் கத்தரி!” என்று வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். “துணியை நாளைக்கு வெட்டலாம், போங்க” என்றேன். புழு எடுக்க முள்வாங்கி. அது அவளிடமே இருந்தது. தோட்டத்தில் இருந்தபோது புருஷன் காலில் முள் தைத்தால் எடுக்க வைத்திருந்ததாம். சேலை முடிச்சிலிருந்து அவிழ்த்தாள்.

அந்தக் காலையைப் பற்றி நான் எத்தனை தரம் கனவு கண்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. முற்றத்தில் வெயில் சரியாக விழுகிற இடத்தில் அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மடியில் பழந்துணி, துணிமேல் முயல். சுற்றிலும் வெட்டிய ரோமம் வெள்ளையாகப் பறந்தது. நான் ஒரு கையால் முயலின் முன்பாதியை அணைத்துப் பிடித்து, மறு கையில் உப்புத் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டேன். அவள் எண்ணெய் தடவுவாள், காத்திருப்பாள், ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்க்கும், முள்வாங்கியால் பிடித்துச் சிரட்டையில் போடுவாள். மறுபடி காத்திருப்பாள். முயலின் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோயில் மணி ஒரு தரம் கேட்டது, இன்னொரு தரம் கேட்டது. நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. மலை மேலிருந்து மேகம் ஒவ்வொன்றாகக் கழன்று போய், நமுனுகுலை முழுதாக வெளியே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எந்த உலகத்தில் இருக்கிறேன் என்றே தெரியாத அந்த நேரத்தில்தான் என் வாய் திறந்தது.

“நேத்து நான் பாக்கவே இல்ல புள்ள.”

முள்வாங்கி நிற்கவில்லை.

“புல்லும் போடல. நல்லா இருக்குன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். குளிப்பாட்டச் சொன்னதும் நான், பொங்கலைத் திணிச்சதும் நான், ஈரத்தோட மூடி வெச்சதும் நான். உன் கை ஒண்ணும் பண்ணல. பண்ணினது பூரா என் புத்தி.” மூக்கைத் துடைக்கக்கூட ஒரு கை ஒழியவில்லை.

அவள் இரண்டு புழுவை எடுத்துப் போட்டாள். மூன்றாவதையும் எடுத்தாள். “நேத்தே எனக்கு மனசு கேக்கல அண்ணி” என்றாள். “நானே எந்திரிச்சு வந்து பாத்திருக்கணும். நாலு பேரு பாப்பாங்களேன்னு கதவுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்.”

“உக்கார வெச்சது யாரு? அதுவும் நான்தானே!”

“சிரட்டையைக் கொஞ்சம் கிட்ட பிடிங்க” என்றாள்.

வெயில் கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது முடித்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கழுவி, ஒற்றி ஒற்றி, ஓர் இழைகூட ஈரம் இல்லாமல் காயவைத்தோம். புண் உள்ளங்கை அகலம் இருந்தது. மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போட வேண்டும் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சாமி மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்து அவள் பக்கத்திலேயே வைத்தேன். என் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் திறந்தாள், குழைத்தாள், தடவினாள். அதற்குப் பிறகு அந்த டப்பா மாடத்துக்குத் திரும்பவில்லை.

முயல் பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது. துணித் திரியைத் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தால் சப்பியது, அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் புண்ணின் மடிப்பில் மறுபடி ஊசிமுனை அளவுக்குச் சின்னப் புழு. ஒட்டியிருந்த முட்டை பொரித்திருக்கிறது. மறுபடி எண்ணெய், மறுபடி முள்வாங்கி. மூன்றாம் நாளும் அப்படியே. தேயிலைப் பெட்டியை வீட்டுக்காரர் உடைத்து அடுப்புக்குப் போட்டார், தானாகவே, நான் கேட்காமலே. மூங்கில் பிளாச்சு அடித்து அடியில் ஈரம் வடிகிற மாதிரி ஒரு கூண்டு செய்தார். கடையிலிருந்து மல் துணி கிழித்துக் கொடுத்தார், ஈ போகாமல் சுற்றிக் கட்டினோம். காலையும் மாலையும் முயலைத் தூக்கி வாலுக்குக் கீழே பார்ப்பது, வைக்கோலைத் தினம் மாற்றுவது, காய்ந்த புல் தவிர வேறொன்றும் போடாமலிருப்பது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். நான் வெல்லக் கட்டியோடு அந்தப் பக்கம் போனால் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், மாமியார்க்காரிகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

இத்தனை நாளும் அவள் கை மஞ்சளாகவே இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தரம் மருந்து போட்டால் எப்படிப் போகும்? விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள். முதல் இரண்டு நாள் வேலை முடிந்ததும் ஓடிப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு தேய்ப்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் கண்ணில் அது பட்டது எனக்குத் தெரியும். சாப்பிடும்போது பார்ப்பார், பார்வையைச் சோற்றுக்குத் திருப்பிக்கொள்வார். எந்த நேரம் என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று பயந்து, கேட்காமலே அவர் இலையில் சோற்றை அள்ளி அள்ளி வைத்தேன்.

ஆறாம் நாள் காலையில் கூண்டுக்குள் மிளகு மிளகாக நாலு புழுக்கை கிடந்தது. அதைக் கண்டு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம் என்றால் இப்போது யாராவது நம்புவார்களா? அவள் ஒரு புல்லை நீட்டினாள். முயல் அதை முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துத் தின்றது. கிழிந்த காது ஆடியது.

“நான் தொட்டது பொழச்சிருச்சு அண்ணி” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. யாரோ ஒருவரிடம் ரகசியமாக ஒப்பித்த மாதிரி இருந்தது.

அன்று மருந்துக்கு மஞ்சள் தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கடைக்குப் போகிற வழியில் நின்று அதைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கடைக்குள் போனார். போச்சு என்று நான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு பிடி விரலி மஞ்சள் இருந்தது. எங்கள் வீட்டில் அவளுக்கு எது கொடுத்தாலும் கீழே வைப்போம், அவள் எடுத்துக்கொள்வாள். அவர் கீழே வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். “தீந்தா கேளு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மிக்குப் போய் அரைக்க ஆரம்பித்தாள். முயலின் புண் அதற்குள் ஐம்பது சதக் காசு அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. அவள் அரைத்தது நாலு முயலுக்குக் காணும். மிச்சத்தை வழித்துக் கொட்டு என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓயாவிலிருந்து பனி எழும்பி முற்றத்தை மூடியிருந்தது. அவள் குளித்துவிட்டு அதற்குள்ளிருந்து நடந்து வந்தாள். அதே வெள்ளைப் புடைவைதான். முகத்தில், கன்னத்திலிருந்து காதோரம் வரைக்கும், பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மஞ்சள் பூசியிருந்தாள். அடுப்படி வாசலில் நான் நின்றேன். கடை நடையில் அவர் நின்றார். இரண்டு பேரும் பார்த்தோம், நாங்கள் பார்த்ததை அவளும் பார்த்தாள். துடைக்கக் கை முகத்துக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்றது.

அவர் நடையிலிருந்து முற்றத்தில் இறங்கினார்.

“முயல் இன்னைக்குத் தின்னுச்சாம்மா?” என்று கேட்டார்.